50 குப்பிகளில் ஒரு படிகம்: கிரிஸ்டல் ஸ்கிரீன் பெட்டியை வாங்கலாமா?

புரதப் படிகம் வளர்க்கப் புதிதாக இறங்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, முதல் காசை எதில் போடுவது என்பதுதான். புரதத்தின் கட்டமைப்பை எக்ஸ்-கதிரில் பார்க்க முதலில் அது படிகமாக வேண்டும், எந்தக் கரைசலில் படிகமாகும் என்று தேட உதவுவதுதான் இந்தப் பெட்டி. கையில் சுத்தமான புரதம் இருந்தால் ஹாம்ப்டன் ரிசர்ச்சின் கிரிஸ்டல் ஸ்கிரீன் பெட்டியில் போடுங்கள் என்பேன். புரதம் இன்னும் சுத்தமாகவில்லை என்றால் பெட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அழுக்குப் புரதத்தை வைத்துக்கொண்டு 50 குப்பியைத் திறந்தாலும் 500 குப்பியைத் திறந்தாலும் கிடைப்பது பழுப்புக் கசடுதான்.

நான் பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆராய்ச்சி அதிகாரி. பொருள் வாங்குவது, புரதம் எடுப்பது, தட்டு போடுவது, கிடைத்த படிகத்தை உறைய வைத்து அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. இந்தப் பெட்டியைப் பல புரதங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் பெட்டியின் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது முர்-ஏ என்ற பாக்டீரியச் செல்சுவர் நொதியில் வேலை செய்தபோதுதான். அதனால் அதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. உள்ளே 50 குப்பிகள், ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் திரவம். எல்லாம் நிறமற்ற தண்ணீர் போலத்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு உப்பு, பி.எச். மாறாமல் காக்கும் ஒரு பஃபர், புரதத்தைக் கரைசலிலிருந்து மெல்ல வெளியே தள்ளும் ஒரு சரக்கு என்று மூன்று சேர்மானம் இருக்கும். சிலவற்றில் ஒன்றோ இரண்டோ குறையும். தள்ளும் சரக்கு பெரும்பாலும் பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால், இல்லாவிட்டால் அம்மோனியம் சல்ஃபேட் போன்ற உப்பு, அதுவும் இல்லாவிட்டால் ஐசோபுரோப்பனால், எம்.பி.டி. மாதிரி ஆல்கஹால்.

இந்த 50 சேர்மானங்களும் குருட்டாம்போக்கில் வந்தவை அல்ல. உப்பு, பஃபர், பி.எச்., பெக்கின் அளவு என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை ஆயிரக்கணக்கில் போகும். எந்த ஆய்வகத்திலும் அவ்வளவு புரதம் இருக்காது. 1991-இல் ஜான்காரிக், கிம் என்ற இருவர், அதுவரை படிகமான புரதங்கள் எந்தெந்தக் கரைசலில் படிகமாயின என்று பார்த்து, அந்தப் பரப்பிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக 50 புள்ளிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். முன்பு வேலை செய்த இடங்களில் அடர்த்தியாக, மற்ற இடங்களில் ஐதாக. பெட்டி அந்த யோசனையின் நேர் வாரிசு. இன்று சந்தையில் இருக்கும் பல பெட்டிகளுக்கும் அடிப்படை இதுதான்.

50 சோதனைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? ஒரு சொட்டுக்கு 1 மைக்ரோலிட்டர், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அடர்த்தி என்று வைத்தால் மொத்தம் அரை மில்லிகிராம். சுத்திகரிப்பு சுமாராகப் போன வாரத்தில்கூட அவ்வளவு தேறிவிடும். தட்டின் ஒவ்வொரு குழியிலும் அரை மில்லிலிட்டர் குப்பித் திரவம் ஊற்றினால் ஒரு பெட்டி 20 புரதத்துக்கு வரும். நாங்கள் குழிக்கு 300 மைக்ரோலிட்டர்தான் ஊற்றுகிறோம். அதிலும் குறையில்லாமல் சொட்டுக்கும் குழிக்கும் இடையே ஆவி சமநிலை வந்துவிடுகிறது, பெட்டியும் கூடுதலாக ஓடுகிறது. விலை, ஏஜெண்ட் கமிஷனும் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. ஒரு புரதத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் இது மலிவு.

சரி, முர்-ஏவுக்கு வருகிறேன். பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற வலை இருக்கிறது. இரண்டு வகைச் சர்க்கரை மாறிமாறிக் கோத்த நீண்ட இழைகள், அவற்றை இணைக்கும் குட்டிப் புரதத் துண்டுகள். இந்த வலை அறுந்தால் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடும். நம் உடலில் இப்படி ஒரு சுவரே கிடையாது. அதனால்தான் பெனிசிலின் தொடங்கி எத்தனையோ மருந்துகள் இந்தச் சுவரைக் குறிவைக்கின்றன. சுவருக்கான கல்லைச் செதுக்கும் வேலையில் முதல் உளி முர்-ஏ. யு.டி.பி. என்ற சுமக்கும் மூலக்கூறோடு ஒட்டிய சர்க்கரையை எடுத்து, பாஸ்ஃபோஈனால்பைருவேட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து அதில் சேர்க்கிறது. ஃபாஸ்ஃபோமைசின் என்ற மருந்து நேராக இந்த நொதியில் போய் உட்கார்ந்து, 115-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு 3 கிராம் பொட்டலமாகத் தண்ணீரில் கலக்கி ஒரே வேளை குடிக்கக் கொடுப்பார்களே, அந்த மருந்துதான். காசநோய்க் கிருமியின் முர்-ஏவில் அதே இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் அஸ்பார்ட்டேட் இருக்கிறது. பிடிக்கக் கந்தகம் இல்லை, மருந்தும் வேலை செய்வதில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் ஒரு மருந்து பயனற்றுப் போகிறது. கட்டமைப்பைப் பார்க்க ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முர்-ஏ செய்யும் இந்த வகை வேதிவேலையைச் செய்யும் நெருங்கிய உறவுக்காரன் ஒன்று செடிகளில் இருக்கிறது: இ.பி.எஸ்.பி. சின்தேஸ். களைக்கொல்லி கிளைஃபோசேட் அடிப்பது அதைத்தான். என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை பார்த்தவர். தோளில் தொட்டியைச் சுமந்து செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடந்து அவர் அடித்த மருந்துகளில் ஒன்று போய் ஒட்டும் நொதியும், நான் இன்று திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நொதியும் ஒரே மடிப்பில் செய்தவை. அம்மாவிடம் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முர்-ஏ, மருத்துவமனைத் தொற்றுக்குக் காரணமான ஒரு கிருமியுடையது. கிருமியை நாங்கள் தொடுவதில்லை. மரபணுவை மட்டும் ஈ. கோலையில் போட்டுப் புரதம் எடுத்தோம். தட்டு போடுவதற்கு முன்னால் பஃபரை மாற்றினோம். இது பெட்டியோடு வரும் குறிப்பைவிட முக்கியம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். புரதம் பாஸ்ஃபேட் பஃபரில் இருந்தால் பெட்டியில் சில குப்பிகள் பயனில்லாமல் போகும். 1, 14 போன்ற குப்பிகளில் கால்சியம் இருக்கிறது. பாஸ்ஃபேட்டும் கால்சியமும் சேர்ந்தால் மறுநாளே பளபளவென்று படிகம் நிற்கும். புரதமே இல்லாத வெறும் உப்பு அது. 10 அல்லது 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பஃபர் மெலிவாக இருந்தால்தான் குப்பியின் பி.எச். சொட்டில் நிற்கும்.

தட்டு போடுவது கைவேலை. 24 குழித் தட்டு, குழி விளிம்பில் கிரீஸ், குழிக்குள் குப்பித் திரவம். சிலிக்கோன் பூசிய வட்டக் கண்ணாடியில் 1 மைக்ரோலிட்டர் புரதம், அதன் மேல் குழியிலிருந்து எடுத்த 1 மைக்ரோலிட்டர் திரவம். குமிழி விழாமல் சேர்த்து, கண்ணாடியைக் கவிழ்த்து, கிரீஸின் மேல் வைத்து லேசாகத் திருகி அழுத்த வேண்டும். சொட்டில் சரக்கின் அடர்த்தி குழியில் இருப்பதில் பாதி. மூடிய குழிக்குள் சொட்டிலிருந்து நீர் ஆவியாகிக் குழிக்குப் போய்ச் சேர, சொட்டு மெல்ல மெல்லச் சுண்டும். அந்தச் சுண்டலின் ஏதோ ஒரு கட்டத்தில் புரதம் வரிசையில் நின்று படிகமாகும், இல்லாவிட்டால் குவிந்து கசடாக விழும். 50 குப்பி என்பதால் இரண்டு தட்டில் 48 முடிந்து 49, 50 இரண்டும் மூன்றாவது தட்டுக்குப் போகும். 96 குழி ரோபோத் தட்டுக்கு என்று அதே நிறுவனம் விற்கும் வடிவத்தில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 48-ஓடு கிரிஸ்டல் ஸ்கிரீன் 2 என்ற இரண்டாம் பெட்டியின் 48-ஐச் சேர்த்திருக்கிறார்கள். கையால் போடுபவர்கள் அந்த இரண்டையும் தவிர்க்காதீர்கள் என்பது என் கருத்து. லித்தியம் சல்ஃபேட்டைப் பெக் 8000-உடன் (எண் பெக்கின் மூலக்கூறு எடை) சேர்த்துப் பார்ப்பவை அவை, வேறு குப்பியில் அந்தச் சேர்க்கை இல்லை.

நம் ஊருக்கு என்று ஒரு தொல்லை உண்டு. தட்டை 20 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். இங்கே பல கட்டடங்களில் மாலையில் ஏர்கான் நின்றுவிடும். தைப்பூசம் மாதிரித் தொடர் விடுமுறை வந்தால் அறை 30 டிகிரிக்கு ஏறி, விடுமுறை முடிந்து மறுபடி 20-க்கு இறங்கும். சுண்டிக்கொண்டிருக்கும் சொட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. கண்ணாடியின் அடியில் ஈரம் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டோடு கலந்துவிடும். விலை உயர்ந்த இன்குபேட்டர் தேவையில்லை. ஒயின் வைக்கும் சின்னக் குளிர்ப்பெட்டியை 18 டிகிரியில் வைத்து, அதற்கென்று தனிப் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் அதிர்வில்லாத, பெல்டியர் வகையாக இருந்தால் நல்லது. தட்டை வெளியே எடுத்தால் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் நீண்ட நேரம் வைத்திருக்கக் கூடாது. விளக்குச் சூடே போதும், சின்னப் படிகம் கரைந்துபோகும்.

இப்போது பெட்டியின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். பலர் 50 சொட்டில் படிகம் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறார்கள். இல்லை என்றால் பெட்டி வீண் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். படிகம் வராத சொட்டுகள்தான் அதிகம் பேசும். பாதிக்கு மேல் கசடாக விழுந்திருந்தால் புரதம் மிக அடர்த்தி. பாதியாக நீர்த்து மறுபடி போட வேண்டும். ஏறக்குறைய எல்லாமே தெளிவாக நின்றால் புரதம் ஐது. சுண்ட வைக்க வேண்டும். கசடு எல்லாம் அமிலப் பக்கத்துக் குப்பிகளில் மட்டும் என்றால், புரதத்துக்கு அந்தப் பி.எச். ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இதற்காகவாவது ஒவ்வொரு சொட்டையும் பார்த்து, தெளிவு, லேசான கசடு, கடும் கசடு, எண்ணெய்த்துளி, உருண்டை, ஊசி என்று எண் போட்டுத் தாளில் எழுதுங்கள். நான் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகிறேன். 50 கட்டமும் ஒரே பக்கத்தில் கண் முன்னால் இருந்தால் பக்கத்துப் பக்கத்து ஒற்றுமை தானாகப் புலப்படும்.

எங்கள் தாளில் புலப்பட்டது 6, 17, 22. இந்த மூன்று குப்பியையும் பெட்டியின் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மூன்றிலும் பி.எச். 8.5 டிரிஸ், மூன்றிலும் 30 விழுக்காடு பெக் 4000. உப்பு மட்டும் வேறு: 6-இல் மெக்னீசியம் குளோரைடு, 17-இல் லித்தியம் சல்ஃபேட், 22-இல் சோடியம் அசிடேட். எங்கள் முர்-ஏ 6-இல் மாவாக விழுந்தது. 22-இல் எண்ணெய்த்துளியாகப் பிரிந்து நின்றது. 17-ஐப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, 17-ல முடி மாதிரி ஏதோ நிக்குது. தூசியா இருக்குமோ?"

"தூசி எல்லாப் பக்கமும் ஒரே நீளத்துக்கு நீட்டிட்டு நிக்காதும்மா. ஃபோகஸை மெதுவா மேலே கொண்டு போ."

அவள் திருகை ஒரு மயிரிழை திருப்பினாள். ஒரு மையப் புள்ளியிலிருந்து ஊசிகள் விரிந்து நின்றன, சொட்டின் ஓரத்தில், கசட்டின் நடுவே. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை வைத்தார்கள்.

ஊசியைப் பார்த்ததும் கொண்டாடிவிடக் கூடாது. உப்பா புரதமா என்று தெரிய எளிய வழி, மெல்லிய ஊசியால் தொட்டுப் பார்ப்பது. புரதப் படிகத்தின் உள்ளே ஏறக்குறைய பாதி தண்ணீர். தொட்டால் பொலபொலவென்று உதிரும். உப்பு கல் மாதிரி எதிர்த்து நின்று, உடையும்போது கைக்குத் தெரியும். படிகத்தை இழக்க மனமில்லை என்றால் மெத்திலீன் நீலம் ஒரு துளி விடலாம். தண்ணீர் வழிகள் உள்ள புரதப் படிகம் சாயத்தைக் குடித்து நீலமாகும், உப்புக்குள் சாயம் நுழைய இடமில்லை. எங்கள் ஊசி நீலமானது. அந்த நீலம் ஓரத்திலிருந்து உள்ளே ஏறுவதை நான் முழுசாக நின்று பார்த்தேன். நுனி முதலில் கறுத்தது, தண்டு மெல்லத் தொடர்ந்தது. சுற்றியிருந்த சொட்டு வெளுத்துப்போனது, சாயம் அத்தனையும் படிகத்துக்குள் போய்விட்டது.

இதற்கு மேல் பெட்டி தேவையில்லை. இங்கேதான் பல ஆய்வகங்கள் காசை விரயம் செய்கின்றன: வெற்றி கொடுத்த குப்பியையே தனியாக மறுபடி வாங்குவது, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி வாங்குவது. 17-இல் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதியிருக்கிறது. பெக் 4000, டிரிஸ், லித்தியம் சல்ஃபேட் எல்லாம் சாதாரண இரசாயனம். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். பெக்கை 50 விழுக்காட்டில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, இருட்டில் வையுங்கள். பெக் வெளிச்சத்தில் பழசானால் ஆக்சிஜன் ஏறி பி.எச். நழுவும், போன வருடம் வளர்ந்த படிகம் இந்த வருடம் வளராததற்குப் பல தடவை இதுதான் காரணம். டிரிஸ் வெப்பநிலைக்கு ஏற்ப பி.எச். மாறும் சரக்கு, அதனால் பி.எச். பார்ப்பதை எப்போதும் ஒரே வெப்பநிலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தட்டில் குறுக்கே பெக் 18-இலிருந்து 28 விழுக்காடு, நெடுக்கே பி.எச். 7.5-இலிருந்து 9 என்று விரிக்கலாம்.

எங்களுக்கு அதிலும் ஊசி ஊசியாகத்தான் வந்தது, தடிக்கவில்லை. வழி திறந்தது வேறிடத்தில். முர்-ஏவுக்கு இரண்டு பாகம், நடுவே ஒரு பிளவு. சிஸ்டீன் 115 இருக்கும் வளைவு, சர்க்கரை உள்ளே வரும்வரை வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளும். திறந்த வடிவமும் மூடிய வடிவமும் 1996-லேயே தனித்தனியாக வெளிவந்துவிட்டன. இரண்டையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வளைவு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று தெரியும். ஆடிக்கொண்டே இருக்கும் புரதம் வரிசையில் நிற்காது. அதனால் யு.டி.பி.-சர்க்கரையையும் ஃபாஸ்ஃபோமைசினையும் புரதத்தோடு முன்கூட்டியே சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, அப்புறம் தட்டு போட்டோம். அத்தோடு பழைய ஊசிப் படிகத்தை நசுக்கி, பூனை மீசை ஒன்றால் தொட்டு, விதை தூவுவது போலப் புதுச் சொட்டில் ஒரு கோடு இழுத்தோம். பூனை மீசை வேடிக்கைக்கு அல்ல. விறைப்பாக, நுனி கூராக, பொடிப் படிகம் ஒட்டிக்கொள்ளும் வாகாக அதைவிட நல்ல கருவி கிடையாது, உலகமெங்கும் படிகக்காரர்கள் பயன்படுத்துவதுதான். வீட்டுப் பூனை உதிர்த்ததை எடுத்து ஆல்கஹாலில் கழுவிக்கொண்டால் போதும். அந்தக் கோட்டின் வழியே கட்டை கட்டையாகப் படிகங்கள் வரிசை கட்டின.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிசரால் கலந்த திரவத்தில் நனைத்து, நைலான் வளையத்தில் ஏந்தி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மெல்போர்ன் கிளேட்டனில் உள்ள ஆஸ்திரேலியன் சிங்க்ரோட்ரானுக்கு அனுப்பினோம். 216 மீட்டர் சுற்றளவு வளையத்தில் எலெக்ட்ரான்களை ஓட விட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் இடம் அது. படிகம் அங்கே இருக்க, நாம் பினாங்கிலிருந்தே கணினி வழி இயக்கலாம். அனுப்பும் பெட்டி விமான நிலையக் கிடங்கில் தேவைக்கு மேல் கிடந்தது. ஏஜெண்டிடம் பலமுறை பேச வேண்டியிருந்தது. நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் அந்த உலர் கலம் நாள் கணக்கில் குளிரைத் தாங்கியதால் படிகம் பிழைத்தது. கட்டம் பிரச்சினைக்கு, அதாவது வெறும் புள்ளிகளிலிருந்து உருவத்துக்குப் போக, ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த மாதிரியை இரண்டு பாகமாக வெட்டித் தேடு உருவமாகக் கொடுத்தோம். ஒரே துண்டாகக் கொடுத்தால், மாதிரியில் பிளவு திறந்திருக்கும் அளவும் படிகத்தில் இருக்கும் அளவும் பொருந்தாமல் போகலாம். ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு படிகம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அது தந்த மாதிரி எங்களுக்குப் பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் எங்கள் கிருமியின் நொதியில், எங்கள் கண்ணுக்கு முன்னால், மருந்தின் பாஸ்ஃபரஸ் எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி எத்தனை நீர் மூலக்கூறு என்பதை எக்ஸ்-கதிர் தந்த அடர்த்தி வரைபடம்தான் காட்டியது.

அந்த வரைபடத்தை கூட் மென்பொருளில் திறந்து 115-ஆம் இடத்துக்குப் போனோம். அடர்த்தியைக் காட்டும் நீல வலைக்குள் சிஸ்டீனின் கந்தகம் இருந்தது. அது அங்கே முடியாமல் இன்னும் நீண்டு, ஒரு புடைப்பாக வளைந்து நின்றது. மருந்தை இன்னும் மாதிரியில் வைக்கவில்லை. வலை மட்டும் அங்கே ஏதோ இருக்கிறது என்று சொன்னது. மாணவி ஃபாஸ்ஃபோமைசினைக் கொண்டுவந்து பொருத்த, புடைப்பு முழுக்க நிரம்பியது.

கடைசிச் சரிபார்ப்பில் இராமச்சந்திரன் வரைபடம் வரும். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சேர்ந்து, புரத முதுகெலும்பு எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டு வரைந்தது. புரதத் தரவு வங்கியில் கட்டமைப்பு போடுபவர் எவரானாலும் இந்த வரைபடத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் கட்டமைப்பும் நின்றது. தமிழ் மண்ணில் பிறந்த ஒரு சட்டம் உலகத்துப் புரதத்தை எல்லாம் சோதிப்பதில் எனக்குள்ள பெருமையை நான் எங்கேயும் மறைப்பதில்லை. மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும் அந்தப் பெயரோடுதான்.

இனி வாங்குபவர்களுக்கு. 15, 18, 28 போன்ற குப்பிகளில் பஃபராகக் கேகோடைலேட் இருக்கிறது. அது ஆர்சனிக் சேர்மம். கையுறை கட்டாயம், கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதில் படிகம் வந்தால் அடுத்த கட்டத்தை எம்.இ.எஸ். பஃபருக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வரும், கழிவுத் தலைவலியும் போகும். 8, 12, 19, 24, 27, 40, 41-இல் ஐசோபுரோப்பனால். நம் வெயிலுக்கு மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் பறந்துவிடும், பிறகு லேபிளில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மூடியைப் பாராஃபிலிமால் சுற்றி, திறந்த தேதியை எழுதி வையுங்கள். இவற்றை நீங்களே புதிதாகக் கலக்கி வைத்துக்கொண்டாலும் சரி.

ஏஜெண்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரு ஏஜெண்ட் எங்களிடம் சொன்ன தேதியில் பெட்டி வரவில்லை, அதன் பிறகு சொன்ன தேதியிலும் வரவில்லை. புரதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டிக்குக் காத்திருந்தால் புரதம் கெட்டுப்போகும். பெட்டி அலமாரியில் வந்து உட்கார்ந்த பிறகு ஈ. கோலையை வளர்க்கத் தொடங்குங்கள். அறை வெப்பநிலையில் இருக்கும் பெட்டி என்பதால் குளிர் அனுப்பலுக்கு என்று கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வந்ததும் ஒவ்வொரு குப்பியையும் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், அடியில் உப்பு படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் கரைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் பெட்டியும் வாங்கலாமா என்று கேட்டால், முதல் பெட்டியில் அடர்த்தியைச் சரிசெய்து மறுபடி போட்ட பிறகும் 50-இல் ஒன்றுகூட ஊசி, உருண்டை, எண்ணெய்த்துளி என்று எதையும் காட்டவில்லை என்றால் வாங்குங்கள். அதற்கு முன்னால் அந்தக் காசில் நொதியோடு ஒட்டும் சர்க்கரையோ மருந்தோ ஏதாவது இருந்தால் அதை வாங்கிச் சேர்த்துப் பாருங்கள்.